இருநூறு லிட்டர் கடல்

நொய்யலுக்கு வடகரை, மாடிப் போர்ஷன்.
கடல் பார்க்க வேண்டுமென்றால்
ஒரு ராத்திரி பஸ் ஏற வேண்டிய ஊர் இது.
இங்கே நான் உப்புத் தண்ணீர் வளர்க்கிறேன்.

பகலில் உப்பை எடுப்பது வேலை.
சாயப்பட்டறைக் கழிவைக் காய்ச்சி
உப்பை மூட்டை கட்டுகிற பிளான்ட்டில் லேப்.
சாயங்காலம் வந்து தராசு வைத்து
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கலக்குகிறேன்.
"சம்பளம் வாங்கீட்டு எடுக்கறத
சம்பளத்தக் குடுத்துப் போடறீங்கொ"
என்பாள் கூட வேலை செய்யும் வள்ளியாத்தா.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி.
கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர்கூட
வியர்வையைத் துடைக்கும் முன்னால் கேட்டார்:
இதுல எத்தன மீனுங்க புடிக்கும்?

வீட்டுக்காரர் சென்னியப்பன் கேட்கவே இல்லை.
கண்ணாடியை விரலால் தட்டி
"நாப்பது தாராளமாப் போடலாமுங்க" என்றார்.
கீழ்ப் போர்ஷனுக்கும்
அப்படித் தட்டித்தான் ஆள் கணக்குச் சொல்லியிருந்தார்.

கோயமுத்தூர் கடைக்காரரிடம் வேறு கணக்கு:
இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குலம் மீன்.
அங்குலத்தில் அளக்க மீன் என்ன எலாஸ்டிக்கா?
ஒரே நீளத்தில் இரண்டு இருந்தால்
ஒன்று கல்லுக்கடியில் ஆயுளைக் கழிக்கும்.
மற்றது கண்ணாடி முடிகிற இடத்தை
ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை கண்டுபிடிக்கும்.

கணக்கு கல்லின் துளைகளில் இருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாத குடித்தனங்கள்
மீன் கழித்ததைத் தின்று தீர்க்கின்றன.
அவற்றால் ஆகிற அளவுக்குத்தான் மீன்.
தின்று தீராத மிச்சம்
டெஸ்ட் குழாயில் சிவப்பாக ஏறும்.
அந்தச் சிவப்பை ஆற்றிலும் பார்த்தவள் நான்.
இதில் எத்தனை பட்டறை புடிக்கும் என்று
அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மார்கழியில் ஆசைப்பட்டு
ஆறாவதாக ஒரு மஞ்சள் சர்ஜன் வாங்கினேன்.
எலுமிச்சை நிறம், தட்டு மாதிரி உடம்பு, நிற்கவே தெரியாது.
மூன்றாம் வாரம் குழாய் சிவந்தது.
பவளத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது.
மடியில் மூடி போட்ட பக்கெட்டுடன் பஸ் ஏறினேன்.
மீனுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா என்றார் கண்டக்டர்.
அவிநாசி தாண்டும்வரை
பக்கெட்டுக்குள் அது சுற்றுவது
தொடையில் தெரிந்துகொண்டே இருந்தது.

கீழ்ப் போர்ஷன் நிரஞ்சன் பெஹெரா
ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலே வருவான்.
அப்பா ஒடிசாக் கரையில் வலை போடுகிறவர்.
இவன் இங்கே கட்டிங்கில் ஹெல்பர்.
முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான்.
அப்புறம்தான் மீன்.
"அஞ்சுதானா அக்கா?"
அஞ்சுதான்.
அவர்கள் ரூமில் பதினொரு பேர், ஆறு பாய்.
பகல் ஷிப்ட் எழுந்த சூட்டில்
நைட் ஷிப்ட் போய்ப் படுக்கும்.

ஒரு நாள் விளக்கணைகிற நேரம்வரை இருக்கச் சொன்னேன்.
பகலெல்லாம் குகையில் கிடந்த கார்டினல் வெளியே வந்தது.
நீலக் குரோமிஸ் அதே குகைக்குத் திரும்பியது.
வாசலில் ஒரு நொடி இரண்டும் நின்றன,
யார் முதலில் என்பதுபோல.
நிரஞ்சன் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
"ஷிப்ட்டு" என்றான்.

வைகாசியில் கோமாளி மீன் ஜோடி
உடைந்த பூந்தொட்டி ஓட்டில் முட்டையிட்டது.
இருநூற்றுப் பதினேழுவரை எண்ணி
கண் வலித்து விட்டுவிட்டேன்.
எட்டாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும்
வெள்ளியில் இரண்டு புள்ளி.
விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து
டார்ச் அடித்தேன்.
தண்ணீர் முழுக்கக் கண்.
நிரஞ்சனைக் கூப்பிடலாமா என்று படிவரை போனேன்.
நைட் ஷிப்ட்.

விடியலில் ஐந்து.
கார்டினல் வயிறு புடைத்துக் குகைக்குள் கிடந்தது.
கீழே மோட்டார் ஓடிற்று.
"ரூமுக்கு இன்னும் மூணு பேர் சேத்துக்கலாமுங்க"
என்று சென்னியப்பன் போனில் யாருக்கோ சொன்னார்.
கண்ணாடியில் நான் போட்ட பேனாக் கோட்டுக்குக் கீழே
தண்ணீர் விரலளவு இறங்கியிருந்தது.
உப்பில்லாத தண்ணீராக இரண்டு லிட்டர் ஊற்றினேன்.
வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துப் போகிறது.